நூலகச் செயலவைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கட்டடம் பழுதுபார்க்கும்போதும் கதவு திறந்திருக்க

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாரோ உங்கள் பெயரை முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, எல்லோரும் கைதட்டி முடித்துவிட்டார்கள். நீங்கள் இப்போது நூலகச் செயலவை உறுப்பினர். முதல் கூட்டத்தில் மேசைமேல் இரண்டு கட்டுக் காகிதம் இருக்கும். ஒன்று கூரை ஒழுகுவதைப் பற்றி. இன்னொன்று நாளிதழ்ச் சந்தா, மின்கட்டணம், கழிவறைக் குழாய், நூலகரின் விடுப்பு என்று அன்றாட விஷயங்கள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதல் கட்டைத்தான் கையில் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் நகரத்தில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், பழைய கடைவீடு ஒன்றில் சங்கம் நடத்தும் தமிழ் நூலகத்தில் ஒன்பது வருடம் செயலவையில் இருந்தேன், அதில் ஆறு வருடம் செயலாளராக. முதல் முறை கூரை வேலை செய்தபோது "மூன்று மாதம் மூடுகிறோம்" என்று கதவில் ஒட்டினோம். பதினோரு மாதம் ஆனது. தினமும் காலை எட்டரைக்கு வந்து ஜன்னலோரம் பேப்பர் படிக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் இரண்டு வாரம் பூட்டிய கதவுக்கு முன்னால், கடைவரிசையின் கூரைபோட்ட நடைவழியான அஞ்சடியில் வந்து நின்றுவிட்டுப் போனார் என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார். திறந்த பிறகு அவர் வரவேயில்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளிலும் பாதிப் பேர் திரும்பவில்லை. கூரை அழகாகத்தான் இருந்தது. அந்தத் தவறு முழுக்க எங்களுடையது, அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டாம் முறை, மாடித்தளமும் மின்கம்பியும் மாற்றியபோது, மொத்தமாக மூடியது ஒன்பது நாள் மட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ நீங்கள் இருந்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். மரபுடைமைப் பகுதி விதிகள் மட்டும் ஜார்ஜ்டவுனுக்கே உரியவை.

முதல் மாதம் வாய் திறக்காதீர்கள், காகிதம் படியுங்கள்

நான்கு காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: சங்கத்தின் சட்டவிதி, கட்டடத்தின் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) அல்லது வாடகை ஒப்பந்தம், கடைசி மூன்று வருடக் கணக்கும் கூட்டக் குறிப்பும், காப்புறுதிப் பத்திரம்.

சட்டவிதியில் முதலில் பார்க்க வேண்டியது பணம். எத்தனை வெள்ளி (ரிங்கிட்) வரை செயலவையே செலவு செய்யலாம், எதற்குமேல் பொதுக்கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும், காசோலையில் யார் யார் கையெழுத்துப் போட வேண்டும். கிராண்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய சங்கங்களில் அறங்காவலர்களாக எழுதப்பட்ட மூவரில் இருவர் எப்போதோ காலமாகியிருப்பார்கள், பெயர் மட்டும் அப்படியே நிற்கும். மாநகர் மன்றத்துக்கு விண்ணப்பம் போடும்போது உரிமையாளர் கையெழுத்து கேட்பார்கள், அன்றைக்குத்தான் எல்லோருக்கும் வியர்க்கும். இதைச் சரிசெய்ய வழக்கறிஞர் வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், ஆகவே கட்டட வேலையில் முதல் வேலை இதுதான். வாடகைக் கட்டடம் என்றால் இன்னும் கவனம். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000 முதல் வாடகை உரிமையாளர் சொல்வதுதான், நீண்டகால ஒப்பந்தம் கையில் இல்லாமல் அடுத்தவர் கட்டடத்தில் சங்கப் பணத்தைக் கொட்டக்கூடாது.

காப்புறுதியில் ஒரே கேள்வி: வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளம் கிடையாது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி பினாங்கை அடித்த மழையும் காற்றும் இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. கீழடுக்குப் புத்தகங்களை விடியற்காலையில் தலையில் தூக்கி மாடியேற்றிய பலரில் நானும் ஒருவன். அன்றிலிருந்து எங்கள் அலமாரியின் கடைசித் தட்டு தரையிலிருந்து ஓரடிக்கு மேலேதான். பழுதுபார்க்கும் வேலை தொடங்கும் முன் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவும் மறக்க வேண்டாம்.

அப்புறம், நூலகத்தில் போய் உட்காருங்கள். ஒரு காலை, ஒரு பிற்பகல், ஒரு சனிக்கிழமை. யாரிடமும் செயலவை என்று சொல்லிக்கொள்ளாமல் உட்கார்ந்து பாருங்கள். எந்த நாற்காலியில் எப்போதும் ஆள் இருக்கிறது, எந்த விசிறி சத்தம் போடுகிறது, பிள்ளைகள் எங்கே பையை வீசுகிறார்கள், எந்த மூலையில் வெளிச்சம் இல்லாமல் பாட்டி ஒருவர் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார். கட்டடக் கலைஞர் கொண்டுவரும் வரைபடத்தில் இது எதுவும் இருக்காது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

யாருக்கு எந்த வேலை

கொள்கை, பணம், கட்டடம், ஆள் நியமனம் செயலவையின் பொறுப்பு. எந்தப் புத்தகம் எந்தத் தட்டில், யாருக்கு இன்னும் ஒரு வாரம் தவணை, இதெல்லாம் நூலகர் பொறுப்பு. செயலவையில் ஏழு பேர் இருந்தால் ஏழு பேரும் நூலகரிடம் தனித்தனியாக வேலை சொல்வது நம் சங்கங்களில் பழைய வியாதி. தலைவர் அல்லது செயலாளர், ஒருவர் வழியாக மட்டும் சொல்லுங்கள்.

சம்பள விஷயத்தில் "நம்ம பிள்ளைதானே, சேவைதானே" என்ற பேச்சை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். தொழிலாளர் சேமநிதியும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளம் கொடுக்க வழியில்லை என்றால் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்துக்கு முறையாகக் கொடுங்கள்.

மழை பெய்யும்போது கட்டடத்தைப் பாருங்கள்

வெயில் நாளில் குத்தகையாளரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் கூரை நல்லாத்தான் இருக்கும். அடைமழை பிடிக்கும் நேரத்தில் டார்ச் விளக்கோடு நீங்களே போங்கள். ஓடு உடைந்த இடத்துக்கு நேர்கீழே தண்ணீர் சொட்டும் என்று நினைக்காதீர்கள், கூரையின் மரச்சட்டத்தின் மேல் வழிந்து ஆறேழு அடி தள்ளித்தான் விழும். இரண்டு கூரை சேரும் பள்ளத்துப் பீலி, நடுமுற்றத்துச் சாக்கடை வாய், உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை, இந்த மூன்றும்தான் பழைய கடைவீட்டின் நோய் தெரியும் இடங்கள். உத்திர முனையை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் திருப்பி உதைக்கும். உளுத்துப்போனது கேக் மாதிரி உள்ளே வாங்கும்.

கரையானுக்கு அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் மாடியில் பயண நூல்கள் இருந்த அலமாரியை இழுத்தபோது, பின்பலகையில் பென்சில் தடிப்பத்தில் ஒரு மண்கோடு தரையிலிருந்து நெளிந்து மேலே ஏறி, நான்காவது தட்டில் மறைந்தது. முன்னாலிருந்து பார்த்தால் புத்தக முதுகுகள் வரிசையாக, பெயர் எல்லாம் படிக்கிற மாதிரி நிற்கின்றன. ஒன்றை உருவினேன், முதுகு மட்டும் கையோடு வந்தது. உள்ளே ஈர மண். பதினேழு புத்தகம் அப்படி. அன்றிலிருந்து சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கும் பொறுப்பு செயலவையில் ஒருவருக்கு.

சுவரில் ஓதம் ஏறுவது இன்னொரு பெரிய விஷயம், இதில்தான் நல்ல மனதோடு அதிகம் கெடுக்கிறோம். இந்தக் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் சாயம் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி இன்னும் உயரம் ஏறும், உப்புப் பூத்து சாயம் செதில் செதிலாக உரியும். "சிமெண்ட் போட்டா இருபது வருஷம் கவலையில்லைண்ணே" என்று ஒரு கொத்தனார் எங்களிடம் சொன்னார், நம்பினோம், இரண்டே வருடத்தில் சுவரோரப் புத்தகங்களில் பூஞ்சணம். மறுபடி எல்லாவற்றையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினோம். இரண்டு முறை செலவு.

தளம் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ சொல்லக்கூடாது. ஒரு மீட்டர் நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் சுமார் 25 கிலோ. மூன்றடி அகலம், ஆறு தட்டு அலமாரி என்றால் புத்தகம் மட்டும் 130 கிலோவைத் தாண்டும். மாடியில் பத்து அலமாரி வைத்தால் ஒரு கார் நிற்கிற கனம். குடியிருக்கவும் சரக்கு வைக்கவும் போட்ட பலகைத் தளம் அது. கனமானவை கீழே, மாடியில் வாசிப்பு மேசை என்று மாற்றிக்கொள்வது பல இடங்களில் மலிவான தீர்வு.

அனுமதி

ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் இருக்கும் கட்டடங்கள் பிரிவு பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கட்டடம் எந்தப் பிரிவு என்று தெரிந்துகொண்ட பிறகே மற்றப் பேச்சு. கூரை ஓடு, முகப்பு, ஜன்னல், நடுமுற்றம், வெளிச் சாயம், எதைத் தொடுவதாக இருந்தாலும் கொம்தார் கோபுரத்தில் இருக்கும் மாநகர் மன்றத்தின் மரபுடைமைப் பிரிவில் முன்கூட்டியே போய்க் கேளுங்கள். நடுமுற்றத்துக்குக் கண்ணாடி போட்டு மூடி ஏர்கோன் வைக்கலாம் என்ற யோசனை ஒவ்வொரு செயலவையிலும் ஒருமுறை வரும். அனுமதி ஒருபக்கம் இருக்கட்டும், அந்த முற்றம்தான் கட்டடம் மூச்சுவிடும் இடம், அதை மூடினால் புத்தகம் கெடும்.

பதிவுபெற்ற கட்டடக் கலைஞரை அமர்த்துவது வீண்செலவு என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய வீடுகளில் வேலை பார்த்தவராகத் தேடுங்கள். மின்கம்பிக்கு எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் வேண்டும். காகிதம் நிறைந்த கட்டடத்தில் பழைய கம்பி இருப்பதுதான் எனக்கு ராத்திரித் தூக்கம் கெடுத்த விஷயம். எனக்குக் கூரையைவிட அதுதான் முதலில்.

குத்தகையாளரும் பணமும்

மூன்று விலைப்புள்ளி வாங்குங்கள், ஆனால் மூன்று பேரும் ஒரே பட்டியலுக்கு விலை போட வேண்டும். "கூரை ரிப்பேர்" என்று வாயால் சொல்லிக் கேட்டால் ஒருவர் ஓடு மட்டும் போடுவார், இன்னொருவர் சட்டமும் சேர்த்துப் போடுவார், மலிவானவரை எடுத்து நீங்கள் ஏமாறுவீர்கள். கட்டடக் கலைஞர் எழுதிய வேலைப் பட்டியலை மூவருக்கும் கொடுங்கள். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தரத்தில் பதிந்திருக்கிறாரோ அந்தத் தரத்துக்கு உரிய தொகைவரையிலான வேலைதான் எடுக்கலாம்.

செயலவையில் இருப்பவரின் மைத்துனர் குத்தகையாளராக இருந்தால் என்ன செய்வது? நம் ஊரில் இது நடக்காமல் இருக்காது. அவரும் விலை போடலாம், ஆனால் உறவுக்காரர் அதைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லி, முடிவெடுக்கும் நேரத்தில் அறையைவிட்டு வெளியே போக வேண்டும், அது கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. கோயில் உண்டியல் காசு மாதிரி இது நாலு பேர் கொடுத்த காசு.

பணம் கொடுக்கும் முறை: முன்பணம் குறைவாக, முடிந்த வேலைக்குக் கட்டடக் கலைஞர் எழுதிக் கொடுத்த பிறகு தவணையாக, ஒவ்வொரு தவணையிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து. மொத்தத்தில் 5 விழுக்காடு, குறை திருத்தும் காலம் முடியும்வரை உங்கள் கையில் இருப்பது வழக்கம். அதுபோகப் பழைய கட்டடத்துக்கு எதிர்பாராத செலவு என்று 15 விழுக்காடாவது ஒதுக்குங்கள், சுவரைத் திறந்தால் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கூடுதல் வேலை எதுவானாலும் எழுத்தில், விலையோடு, செய்யும் முன்பு. அஞ்சடியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டே "அதையும் சேர்த்துப் பண்ணிடுங்க" என்று ஓர் உறுப்பினர் சொன்ன ஒரு வாக்கியம் எங்களுக்கு எட்டாயிரம் வெள்ளி.

நன்கொடை கேட்கப் போகும்போது வரிக்கழிவு ரசீது தருவோம் என்று சும்மா சொல்லிவிடாதீர்கள். வருமான வரி வாரியத்தின் அனுமதி சங்கத்துக்கு இருந்தால்தான் அந்த ரசீது செல்லும்.

கூரையைத் திறக்கும் வேலையை ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள், பினாங்கில் மழை குறைந்த மாதங்கள் அவை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கூரை திறந்து கிடக்கக் கூடாது. இந்த மாதங்கள் என்றால் தைப்பூசமும் சீனப் பெருநாளும் நடுவில் வரும், வேலையாட்கள் இருக்கமாட்டார்கள், அந்த நாட்களைக் கழித்தே தேதி போடுங்கள்.

புத்தகம் நகர்த்துவதும் கதவு திறந்திருப்பதும்

முதலில் மறுபடி கிடைக்காதவற்றைத் தனியாக எடுங்கள். 1924 முதல் வந்த 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுவிட்டது. அதன் பழைய கட்டுகள் உங்களிடம் இருந்தால் அவைதான் நூலகத்தின் நகை. ஊர்ச் சங்கங்களின் ஆண்டு மலர், பள்ளி இதழ், இங்கேயே அச்சிட்டு நூறு பிரதிகளோடு முடிந்துபோன கவிதைத் தொகுப்பு, இவையும் அப்படித்தான். கட்டடத்தைவிட்டு முதலில் வெளியே போக வேண்டியதும், கடைசியில் உள்ளே வர வேண்டியதும் இவைதான். நாளிதழ்க் கட்டைப் படுக்கவைத்து வையுங்கள், நிறுத்தினால் தன் கனத்திலேயே கிழியும்.

மற்றவற்றுக்குச் சிறிய அட்டைப்பெட்டி, ஒருவர் தூக்கும் அளவு. ஒவ்வொன்றிலும் அலமாரி எண், தட்டு எண், இடமிருந்து எத்தனையாவது பெட்டி. தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் வையுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றினால் ஈரம் உள்ளே பிடித்துக்கொள்ளும், தூசிக்குப் பழைய பருத்தித் துணி போதும். ராமபாணப் பூச்சி அரித்த புத்தகத்தைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 பாகைக் குளிர்ப்பெட்டியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்தால் பூச்சி சாகும். பையோடு வெளியே எடுத்து, சூடு சமமான பிறகே பிரியுங்கள்.

இனி முக்கியமானது. எல்லாப் புத்தகமும் பெட்டிக்குள் போகக் கூடாது. இரண்டாம் முறை நாங்கள் கட்டடத்தை முன்பாதி, பின்பாதி எனப் பிரித்தோம். நடுவில் பலகையும் கனத்த பிளாஸ்டிக்கும் வைத்துத் தூசி வராமல் அடைத்து, ஒரு பாதியில் வேலை, மறுபாதியில் நூலகம். சத்தமான வேலை மதியம் இரண்டு மணிக்குள் முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம், ஏனென்றால் பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வருவார்கள். சுமார் 600 புத்தகம், எல்லா நாளிதழும், பிள்ளைகளுக்கு இரண்டு மேசை. முழுவதும் மூட வேண்டிய அந்த ஒன்பது நாளும் அருகில் இருந்த கோயில் மண்டபத்தில் பேப்பரையும் மேசையையும் போட்டோம். அஞ்சடியில் மேசை போடாதீர்கள், அது நடப்பவர்களுக்கான வழி. தினமும் வருபவர்கள் பட்டியல் ஒன்று நூலகரிடம் இருக்கட்டும். மூடும் முன் அவர்களுக்கு நேரில் சொல்லுங்கள், தொலைபேசியில் அழையுங்கள். கதவில் ஒட்டும் தாளை யாரும் படிப்பதில்லை.

அன்றாடம்

ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவி சில பத்து வெள்ளிதான், மாடியில் ஒன்று, கீழே ஒன்று வையுங்கள். 65 விழுக்காட்டை நெடுநாள் தாண்டினால் பூஞ்சணம் வரும், நம் ஊர் வெளிக்காற்றோ சராசரியாக 80-ஐ ஒட்டி இருக்கிறது. பகலில் ஏர்கோன் போட்டு ராத்திரி அணைப்பது புத்தகத்துக்குக் கெடுதல், குளிர்ந்த அட்டைமேல் ஈரக்காற்றுப் பட்டு வியர்க்கும். நல்ல காற்றோட்டமும் விசிறியும் போதும், அரிய நூல்களுக்கு மட்டும் சிறு அறையில் ஈரம் உறிஞ்சும் கருவி.

நன்கொடைப் புத்தகத்துக்கு எழுதிய விதி வேண்டும். ஒருவர் காலமானதும் அவர் பிள்ளைகள் காரில் பன்னிரண்டு பெட்டி கொண்டுவந்து இறக்குவார்கள், கண் கலங்கித்தான் கொடுப்பார்கள். கரையானும் சேர்ந்தே வரலாம். ஒரு வாரம் தனியறையில் வைத்துப் பார்ப்போம், வேண்டியதை எடுத்து மற்றதை வேறு நூலகங்களுக்கோ பள்ளிகளுக்கோ தருவோம் என்று முன்னமே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும் டியூவி முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811-க்குள் அடங்கும். பெரிய நூலகத்துக்கு அது சரி. முக்கால்வாசி அதுவாகவே இருக்கும் நம் நூலகத்தில் நாவல், சிறுகதை, கவிதை, மலேசிய எழுத்து என்று தனித் தட்டு பிரித்தால்தான் வாசகர் கண்டுபிடிப்பார்.

மாதக் கூட்டத்துக்கு நூலகரிடம் ஒரு பக்கம் போதும்: எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை இரவல், எவை திரும்பவில்லை, எது உடைந்தது, யார் என்ன கேட்டார்கள். கடைசி வரியை முதலில் படியுங்கள். தீயணைப்புக் கருவியின் தேதியை வருடம் ஒருமுறை பாருங்கள். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும், கட்டட வேலை நடக்கும் வருடத்தில்தான் இது மறந்துபோகும்.

வேலை முடிந்து சாவி வாங்கும்போது

சுவரை மூடும் முன் உள்ளே ஓடும் குழாய், கம்பி எல்லாவற்றையும் அளவுநாடாவோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள், பத்து வருடம் கழித்து ஆணி அடிப்பவர் உங்களை வாழ்த்துவார். குறைப் பட்டியலை அறை அறையாக நடந்து எழுதுங்கள், நூலகரும் சுத்தம் செய்யும் அக்காவும் கூட வரட்டும், கதவு இடிப்பதும் குழாய் சொட்டுவதும் அவர்களுக்குத்தான் தெரியும். பிடித்துவைத்த பணத்தை வெயில் மாதத்தில் விடுவிக்காதீர்கள். எங்கள் குத்தகையாளர் ஆகஸ்டிலேயே கேட்டார், நல்ல மனிதர், வேலையும் சுத்தம், கொடுத்துவிடலாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். அக்டோபர் கடைசியில் ஒருநாள் மாலை கொட்டிய மழையில் மாடிப்படிக்கு மேலே ஒரு சொட்டு விழுந்தது. மறுநாளே ஆள் அனுப்பி இரண்டு ஓடு மாற்றிக் கொடுத்தார். கடைசிக் காசோலையில் டிசம்பரில் கையெழுத்துப் போட்டோம்.